போட்டியிடாமல் வந்த பிரதமர்

1959 ஆகஸ்ட். கொழும்பில் அமைச்சரவைக் கூட்டம். மூத்த அமைச்சர் சி. பி. டி சில்வா ஒரு குவளைப் பால் குடித்தார். சற்று நேரத்தில் சுருண்டு விழுந்தார். சிகிச்சைக்காக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் அவர். அந்த இடம் காலியாகக் கிடந்தபோதுதான் விபரீதம் நேர்ந்தது.

செப்டம்பர் 25 காலை. ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் பிரதமர் பொதுமக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். காத்திருந்த பிக்கு ஒருவரை வணங்கக் குனிந்தார். காவி அங்கிக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. மறுநாள் பிரதமர் இறந்தார். மூன்று பிள்ளைகளோடு நின்ற மனைவிக்கு வயது 43. ரத்வத்த பிரபுக் குடும்பத்துப் பெண். மகிளா சமிதி என்ற பெண்கள் அமைப்புக்காகக் கிராமம் கிராமமாக அலைந்தவர். அதுவரை எந்த அரசியல் பதவியையும் வகித்ததில்லை. அவரைத் தலைவராக அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அமைச்சர் தகநாயக்கா பிரதமரானார். பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி சிதறியது. உடல் தேறித் திரும்பிய டி சில்வாவின் தலைமையில் 1960 மார்ச் தேர்தலைச் சந்தித்த கட்சிக்குக் கிடைத்தவை 46 இடங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50. அக்கட்சியின் டட்லி சேனநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசு நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தோற்றது. மறுபடியும் தேர்தல். கட்சிக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

மே மாதம் அந்த விதவையைக் கட்சித் தலைவராக்கினார்கள். வெள்ளைச் சேலையில் மேடையேறினார். கணவரின் உரைகள் ஒலிநாடாவில் முழங்கின. 'அழும் விதவை' என்று எதிரணியினர் ஏளனம் செய்தார்கள். கூட்டமோ ஊருக்கு ஊர் பெருகியது. விந்தை என்னவென்றால், அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவே இல்லை.

ஜூலை 20. தேர்தல் நடந்த 151 தொகுதிகளில் 75 சுதந்திரக் கட்சிக்கு. மறுநாளே பதவிப் பிரமாணம். நாடாளுமன்ற உறுப்பினராக, மேலவையான செனட்டில் அவருக்கு இடம் தரப்பட்டது. இந்திரா காந்திக்கு 6 ஆண்டுகள் முன்னதாக, மார்கரெட் தாட்சருக்கு 19 ஆண்டுகள் முன்னதாக, சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமரானார்.

உலகம் வியந்தது. தமிழர்களின் சோதனை கூடியது. 1961 ஜனவரியில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டத்தை நிர்வாகத்தில் முழுமையாக நடைமுறைப்படுத்தினார். யாழ்ப்பாணக் கச்சேரி எனப்படும் மாவட்ட அரசு அலுவலக வாசலில் தமிழர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஏப்ரலில் ராணுவம் வந்தது, தமிழரசுக் கட்சித் தலைவர்கள் தடுப்புக் காவலுக்குப் போனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் சிறிமாவோ கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையகத் தோட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.