வல்லாளன் முடிவும் அமைதிக்குரிய அறமும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. அம்மலையருகே ஆட்சி அமர்வது புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். அவனைப் பற்றிய இரு சான்றுகளைக் கொண்டு, நிலைத்த அமைதிக்குச் சமயமும் அரசியலும் துணையாகுமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, இபின் பதூதாவின் பயண நூல். வல்லாளன் மதுரைச் சுல்தானுக்குரிய கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளிருந்தோர் தம் சுல்தானின் கருத்தறிய 14 நாள் தவணை வேண்டினர், மன்னன் இசைந்தான். செய்தியறிந்து விரைந்த சுல்தான் கியாசுதீன், நண்பகலில் ஓய்ந்திருந்த போசளர் பாசறையைத் தாக்கினான். முதுமையெய்திய மன்னன் சிறைப்பட்டான். விடுவிப்பதாகக் கூறி அவன் செல்வத்தைப் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவனைக் கொன்றான். இது நிகழ்ந்தது 1342இல். இதனை எழுதியவர் சுல்தானின் சமயத்தவர். அவன் மனைவியின் உடன்பிறந்தாளை மணந்தவர். ஆயினும், சிறைப்பட்ட பெண்டிரையும் மகாரையும் அவன் கொன்றதை வெறுக்கத்தக்க செயலென்று கடிந்து, அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவித்தான் என்றும் எழுதுகின்றார்.

இரண்டாவது, எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் அதனையொட்டிய வழக்கும். கல்வெட்டுகள் வல்லாளனுக்கு மைந்தன் உண்டென்று காட்ட, புராணம் அவனை மகப்பேறற்றவன் என்கின்றது. இறைவனே அவனுக்கு மகனாகின்றான். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் தீர்த்தவாரியுடன் நீர்க்கடன் ஆற்றுகின்றார். அவ்வழக்கின் நடுவே நிற்பது பகைவன் பெயரன்று, மகன் கடனே.

வல்லாளனும் குறையற்றவனல்லன். 1311இல் மாலிக்காபூரின் படை பாண்டி நாடு புக உதவியவன் அவனே. ஆதலின் ஒரு சமயத்தார் நல்லோர், மற்றையோர் தீயோர் என்று பகுத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

இவற்றால் யாம் துணிவது இது: தன் அரசனின் வெற்றியை வாழ்த்துவதோடு அமையும் சமயம் போரை வளர்க்கும், தன் அரசனையே அறத்தால் அளப்பதும், வஞ்சினமின்றி இறந்தோர்க்கு இரங்குவதும் அமைதியை வளர்க்கும். அரசியலின் கடனோ கொடுத்த சொல்லைக் காத்தல். 1342இல் தவறியது அது. சொல் காவாத அரசுகளிடையே எவ்வுடன்படிக்கையும் 14 நாள் தவணையே ஆகும்.