மணல் மூடிய துறைகள்

இலக்கிய வரலாறு நடத்தும்போது தமிழ் அச்சு நூல்களின் தோற்றம் பற்றிய பகுதி ஒன்று வரும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாகக் கொள்ளப்படும் ‘அடியார் வரலாறு’ என வரிசையாகச் சொல்லிச் செல்வோம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக அது வந்து போகும். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, எங்க ஊரு புன்னக்காயல். அந்தக் காலத்துலயே அங்க புஸ்தகம் அடிச்சாங்கன்னு சொல்றீங்க. இப்ப கல்யாணப் பத்திரிகை அடிக்கக்கூட நாங்க தூத்துக்குடிக்குப் போறோம். வந்தது ஏன் போச்சு?”

“ஆறு மணலைக் கொண்டுவந்து துறையை மூடிவிட்டது, அம்மா” என்று அன்று விடை சொன்னோம். பாடநூலில் உள்ள விடை அதுதான். வீட்டுக்கு வந்த பிறகு, அது பாதி விடையே என்று தோன்றியது. மீதியைத் தேடிப் படித்தபோது கிடைத்தவற்றையே இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்தப் பாதி விடையைப் பார்த்துவிடுவோம். பொருநை எனப் புலவர்கள் போற்றிய தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலால் அதன் முகத்துவாரம் நூற்றாண்டுதோறும் கிழக்கே நகர்ந்துகொண்டே வந்துள்ளது. மதுரைக்காஞ்சியும் அகநானூறும் முத்தால் சிறந்ததெனப் பேசும் கொற்கை, கிரேக்க மாலுமிகளின் குறிப்பேடான பெரிப்ளூசும் தாலமியும் அறிந்திருந்த கொற்கை, சிலப்பதிகாரத்தில் வெற்றிவேற் செழியன் இருந்து ஆண்ட கொற்கை, இன்று கடலோசை கேளாத ஒரு வேளாண் சிற்றூர். கொற்கை தூர்ந்தபோது காயல் எழுந்தது. காயல் தூர்ந்து ‘பழைய காயல்’ ஆனபோது புன்னைக்காயல் எழுந்தது. அதுவும் தளர்ந்தபோது தூத்துக்குடி எழுந்தது. இந்த வரிசையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் கால்டுவெல். இலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான் 1870களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். காயல் மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் அவருக்குக் கிடைத்தன.

ஆனால் துறை தூர்வதற்குப் பல தலைமுறைகள் ஆகும். வணிகன் ஒரே பருவத்தில் போய்விடுகிறான். அவன் ஏன் வருகிறான், ஏன் போகிறான் என்பதற்கு மணல் விடை தராது.

காயலின் உச்சக்காலம் 13ஆம் நூற்றாண்டின் இறுதி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம். அப்போது அங்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மசு, கிசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கலங்களெல்லாம் காயலைத் தொடும் என்கிறார். அவ்வூர் மன்னன் நீதியோடு ஆள்பவன், வணிகர்க்கும் அயலார்க்கும் சலுகை காட்டுபவன், அதனாலேயே அவர்கள் மகிழ்ந்து வருகின்றனர் என்றும் எழுதுகிறார். முதலீட்டாளர் மாநாட்டுக்கு வந்து திரும்பிய ஒருவரின் அறிக்கையைப் படிப்பது போலவே இருக்கிறது.

அந்தச் சலுகை எத்தகையது என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு எழுதிவைத்திருக்கிறார். கிசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவது என்று உடன்படிக்கை. குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். கடல்வழியில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலை கொடுக்கப்படும். அதாவது கடலின் இடர் முழுவதையும் வாங்குபவனே ஏற்றுக்கொண்டான். குதிரைக்கான பணம் கோயில்களின் நில வருவாயிலிருந்து சென்றது என்பதும் வசாபு தரும் செய்தியே. சமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டிய நாட்டில் அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. மாணிக்கவாசகர் அரசன் பொருளோடு குதிரை வாங்கப் போன கதையைத் தமிழர் இத்தனை காலம் மறவாமல் சொல்லி வருவதற்கு, குதிரைக்காக நாடு கொட்டிய பொன்னும் ஒரு காரணமாய் இருக்கலாம்.

இதில் நம்மை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடும் என்கிறார் மார்க்கோ போலோ. அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை. குதிரைக்குப் பண்டுவம் பார்ப்பவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்வார்களாம். குதிரை பிழைத்தால் மறு ஆண்டு விற்பனை குறையுமே! பயணியின் மிகையையும் அயலானின் இளக்காரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. பொருள் வந்தது, பொன் போனது, தொழிலறிவு மட்டும் இறங்கவில்லை. 1310ஐ ஒட்டிப் பாண்டியர் உடன்பிறப்புப் போரும், 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பும் வந்தபோது, அரசனின் பொன்னை நம்பி நின்ற அந்த ஏற்பாடு நிலைகுலைந்தது. துறை தூர்வதற்கு இன்னும் காலம் இருந்தது.

காயல் உடனே மறைந்துவிடவில்லை. முத்து இருந்தது. 1516 அளவில் எழுதிய போர்த்துக்கீசியரான பார்போசா, முத்துக்குளிப்பின் வரியை நெடுங்காலமாகக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு பெருஞ்செல்வர் காயலில் அரசருக்கு ஒப்பான செல்வாக்கோடு இருந்தார் என்கிறார். இங்கேதான் கதை திரும்புகிறது. கடலுக்குள் மூச்சடக்கி இறங்குபவர்கள் பரதவர். அவர்கள் எடுத்த சிப்பிக்கு விலை வைக்கும் உரிமையோ கரையில் இருந்த சிலரிடம் குவிந்திருந்தது. 1530களில் அந்தக் கசப்பு பெரும் மோதலாக வெடித்தபோது, பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர் ஊராகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். சமய வரலாற்றில் இது ஒரு பெரும் நிகழ்வு. பொருளியல் கண்ணால் நோக்கினால், கூலியும் பங்கும் மறுக்கப்பட்ட ஒரு தொழிற்குலம் தன் திறனோடு புரவலரை மாற்றிக்கொண்ட நிகழ்வாகவும் அது தெரிகிறது.

புன்னைக்காயலின் பொற்காலம் இதன்பின் வருவது. அண்டிரீக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு இவ்வூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார், ஊரார் உதவியோடு ஒரு மருத்துவமனையை நடத்தினார். பரதவர் போர்த்துக்கல் அரசிக்கு ‘காலணிக் காசு’ என்று ஆண்டுதோறும் கட்டிவந்த 4,000 பணத்தை, அரசியிடமே வேண்டிப் பெற்று, இவ்வூர்களில் சிறுவர்க்குக் கற்பிப்போரின் ஊதியத்துக்குத் திருப்பியவர் சவேரியார். வெளியே போன வரி ஊருக்குள் கல்வியாகத் திரும்பி வந்த அரிய சான்று இது. பின்னாளில் தமிழ் நூல் அச்சிடுவதற்கென்று பரதவரே 400 குருசாடோ திரட்டிக் கொடுத்தனர். அரசன் பொன்னில் வந்தது காயலின் குதிரை. முத்துக் குளிப்பவர் தம் காசில் வந்தது புன்னைக்காயலின் அச்சு.

அப்படியானால் அது ஏன் நிலைக்கவில்லை?

முதற்காரணம் பாதுகாப்பின்மை. 1553இல் மலபாரிலிருந்து வந்த கப்பற்படை ஒன்று புன்னைக்காயலைத் தாக்கிச் சூறையாடியது. இரண்டாவது காரணம் இரட்டை வரி. கடலில் போர்த்துக்கீசியத் தளபதிக்கு, கரையில் மதுரை நாயக்கருக்கு. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் பகை. இந்த நெருக்கடிக்கு ஆளுநர் கோன்சுதாந்தீனு தெ பிரகான்சா 1560இல் கண்ட தீர்வு விசித்திரமானது. யாழ்ப்பாணப் படையெடுப்பின் முடிவில் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டி, புன்னைக்காயல் மக்களையே அங்கே குடியேற்ற முனைந்தார். ஊரைக் காப்பதற்குப் பதிலாக ஊரையே பெயர்த்துச் செல்லும் திட்டம்! மன்னாரில் கொள்ளைநோய் பலரைக் கொண்டுபோயிற்று. பலர் திரும்பி வந்தனர். 1580ஐ ஒட்டிய ஆண்டுகளில் போர்த்துக்கீசியர் தம் தலைமையிடத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டனர். தீவுகளின் காப்பில் கலங்கள் நிற்க ஏற்ற இடம் அது. முத்தும் பரதவர் தலைமையும் வணிகமும் அங்கே சென்றன.

மூன்றாவது காரணமே நம் மாணவியின் கேள்விக்கு நேரான விடை. அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர். அச்சுத்தொழிலோ இயேசு சபையாரின் கையை விட்டு இறங்கவில்லை. எழுத்து வார்ப்பதற்கும் கோப்பதற்கும் இவ்வூர் இளைஞர்களைப் பழக்கி, அதை ஒரு குடித்தொழிலாக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 1600இல் அண்டிரீக் அடிகளார் மறைந்தார். இக்கரையில் தமிழ் அச்சும் அவரோடு ஓய்ந்தது. அடுத்த அச்சு முயற்சி 1670களில் கேரளத்தின் அம்பலக்காட்டில். அதன்பின் 1713இல் தரங்கம்பாடியில். முந்நூறு ஆண்டு இடைவெளியில் வந்த குதிரையும் அச்சும் ஒரே வகையில்தான் போயின. இரண்டிலும் தொழிலறிவு ஊரில் தங்கவில்லை.

பழங்கதை ஏன் என்று கேட்கலாம். ஒரு வட்டாரத்தின் பொருள்வளத்தைத் திட்டமிடுவோர் இன்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துகின்றனர்: தொழிலை ஈர்த்தல், இருக்கும் தொழிலைத் தக்கவைத்தல். ஈர்ப்பதில் உலகமே போட்டி போடுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1936இலேயே உள்ளூராட்சிகளின் கடன்பத்திரப் பணத்தில் தொழிற்கூடங்கள் கட்டிக் கொடுத்து ஆலைகளை வரவழைத்தது. குறைந்த கூலியைத் தேடி அங்கு வந்த ஆலைகளில் பல, பிற்காலத்தில் அதைவிடக் குறைந்த கூலியைத் தேடிக் கடல்கடந்து சென்றன. கிசுத் தீவின் வணிகர்க்கு இது வியப்பைத் தந்திராது.

தமிழ்நாட்டிலும் 1965இல் டிட்கோ, 1971இல் சிப்காட் எனத் தொழில் வளர்க்கும் நிறுவனங்கள் உண்டாயின. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்பாஸ்ட் மின்கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 ஆகத்து மாதம் ஆலை திறக்கப்பட்டது. அதே 2024 பிப்ரவரியில், தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றை நாம் குறை கூற வரவில்லை. நம் மாணவர்கள் பலர் வேலைக்காகச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். ஆனால் 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அதில் மாண்ட 13 பேரையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை. வருகின்ற தொழிலின் இடரை யார் சுமப்பது என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால், அதன் விலை எப்படி வந்து சேரும் என்பதற்கு அந்த நாளே சான்று.

புன்னைக்காயலுக்குச் செல்லும் வழியில் ஆத்தூர் இருக்கிறது. தாமிரபரணி நீரில் வளரும் அதன் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த உடன்படிக்கையும் அந்தக் கொடிக்காலை அழைத்து வரவில்லை. மண்ணும் நீரும் கொடி கட்டும் கையும் ஒன்றாக அங்கேயே இருப்பதால் அது இருக்கிறது. நீர் குறைந்தால் அதுவும் போகும். தொழிற்சாலைக்கு ஆற்றுநீரைப் பங்கிடும்போது, கடைமடையில் ஏற்கெனவே இருக்கும் இந்தத் தொழிலையும், முகத்துவாரத்தில் வலை வீசுபவனையும் கணக்கில் சேர்ப்பதுதான் தக்கவைத்தல் என்ற சொல்லின் பொருளாக இருக்க முடியும்.

சென்ற கோடையில் புன்னைக்காயலுக்குச் சென்றிருந்தோம். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த ஊர். முகத்துவாரத்தில் மணல்திட்டைச் சுற்றிப் படகு ஓட்டிவந்த ஒருவர், வாய்க்கால் எங்கே ஆழம், எங்கே மேடு என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை. சவேரியாரும் அண்டிரீக் அடிகளாரும் வந்து போன பின்னும் இந்த ஊரில் எஞ்சியிருப்பது இந்த அறிவுதான் என்று அப்போது தோன்றியது.

அந்த மாணவி இப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டாள். அடுத்த முறை பார்க்கும்போது விடையைத் திருத்திச் சொல்ல வேண்டும். மணல் மூடியது துறையை மட்டும்தான், அம்மா. அச்சுத்தொழிலை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அதனால்தான் அது போனது.