கொசுறாக வந்த ரோமானியக் காசு

தலைப்பைப் பார்த்துட்டு புதையல் கதைன்னு வந்தவங்க மன்னிக்கவும். இது நான் ஏமாந்த கதை :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, கரூர்ல பழைய காசு விக்கிற ஒருத்தர்கிட்ட வெள்ளிக் காசு ஒண்ணு வாங்கினேன். மூவாயிரம் ரூபாய். "அமராவதி மணல்ல கிடைச்சது தம்பி"ன்னார். அமராவதியில் ரோமானியக் காசு கிடைப்பது புதுசில்லையே, நம்பிட்டேன். கிளம்பும்போது, காய்கறிக் கடையில கறிவேப்பிலை போடுற மாதிரி, பச்சை பூத்த சின்னச் செப்புக் காசு ஒண்ணையும் கொசுறாப் போட்டார்.

முதல்ல வெள்ளிக் காசு. ஒரு பக்கம் திபேரியஸ் தலை (ஆட்சிக்காலம் கி.பி. 14-37). மறுபக்கம் கையில் செங்கோலும் கிளையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவர் தாய் லிவியா என்பது வழக்கமாகச் சொல்வது. தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் அதிகம். அவை கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-ல் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டார். காசை உலோகமாப் பார்க்கிறவங்க பழசைத்தானே கேட்பாங்க? 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்திலேயே உளி வெட்டு! இனி இது காசாகச் செல்லாது, தங்கம் மட்டும்தான் கணக்கு என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம்.

இதையெல்லாம் படிச்சு பந்தாவா நாலு பேர்கிட்ட சொன்ன பிறகுதான், நகைக்கடைத் தராசுல காசை வைக்கத் தோணுச்சு. 3.1 கிராம். திபேரியஸ் வெள்ளிக் காசு 3.7 கிராமாவது இருக்கணும். தேய்மானம்னு மனசைத் தேத்திக்கிட்டு லென்ஸ்ல பார்த்தேன். விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு. எழுத்துகளுக்கு நடுவுல குட்டிக் குட்டிக் குழிகள். ரோமானியர்கள் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். உருக்கி அச்சில் ஊற்றினால்தான் இப்படிக் கோடும் காற்றுக் குமிழியும் வரும். போலி!

வெறுப்புல கொசுறுக் காசை எடுத்தேன். அம்மா அதுக்குள்ள, "இரு, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்"னு கிளம்பிட்டாங்க. நல்லவேளை, தடுத்துட்டேன். அந்தப் பச்சைப் பூச்சுதான் காசுக்குத் தோல். போனா வராது. வாலை வடிநீர்ல ரெண்டு வாரம் ஊறப் போட்டு, மூங்கில் குச்சியால மண்ணை மட்டும் எடுத்தேன்.

கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு சிப்பாய்கள் வெளியே வந்தாங்க. கையில் ஈட்டி, நடுவில் ஒரே ஒரு கொடிக்கம்பம். 'படையின் புகழ்' என்று லத்தீனில் எழுதிய வகை. கி.பி. 330-ல் இந்த வகை தொடங்கியபோது கம்பம் ரெண்டு. 335 வாக்கில் ஒன்றாச்சு, 341 வாக்கில் வகையே நின்னுபோச்சு. ஆக, ஒரு கம்பத்தை எண்ணினதுலயே ஆறு வருஷத்துக்குள்ள காலம் கிடைச்சிடுச்சு! கீழே எஸ், எம், ஏ, எல் என்று நாலு எழுத்து. அலெக்சாண்டிரியா அக்கசாலை. எடை ஒன்றரை கிராம், விளிம்பில் கோடு இல்லை, குமிழி இல்லை. அசல்.

யாரோட காசு? தலைப் பக்கத்துல 'கான்ஸ்டான்' வரைக்கும்தான் தெரியுது. முதலாம் கான்ஸ்டன்டைன், அவர் பையன்கள் இரண்டாம் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ் நாலு பேர் பேருமே அப்படித்தான் ஆரம்பிக்குது. அப்பா பிள்ளைகளுக்குப் பேர் வெச்ச அழகுல, தேடுனா நாலு விடை வருது!

சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு உறுத்துது. இந்தச் செப்புக் காசு நிஜமாவே அமராவதியில கிடைச்சதா? எகிப்துல அடிச்ச காசு கரூர் ஆத்துல கிடந்திருந்தா, நம்ம ஊர் வணிக வரலாற்றுக்கு அது ஒரு சாட்சி. ஆனா சொன்னவர் போலிக் காசுக்கும் அதே அமராவதியைத்தான் சொன்னார். ஒரு பொய், உண்மையான காசோட ஊரையும் சேர்த்து அழிச்சிடுச்சு. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள் விற்க உரிமம் வேணும். இருக்கான்னு நானும் கேட்கலை. ஆக, அந்தத் தப்புல எனக்கும் பங்கு உண்டு.

உங்க வீட்டு அலமாரியில் தாத்தா காலத்துக் காசு ஏதாவது இருந்தா, யாருக்கு எங்கே கிடைச்சதுன்னு இன்னிக்கே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வைங்க. முக்கியமா, புளியைத் தூரமா வைங்க :-)