அரை சேர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு: ஒரு கண்டுபிடிப்பு மக்கள் கைக்கு வந்த விதம்

அறிவியலாளர் கண்டறிகிறார், நிறுவனம் அதைப் பொருளாக்குகிறது, அரசு அதைக் கொள்கையாக்கி மக்களிடம் சேர்க்கிறது. புத்தாக்கம் குறித்த ஆய்வுகளில் பலவும் இந்த வரிசையை ஏற்றுக்கொண்டே பேசுகின்றன. கடைசிப் படி வெறும் விநியோகமாகவே எண்ணப்படுகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. அந்தக் கண்டுபிடிப்பின் கடினமான பாதி வங்கதேசத்து அடுப்படிகளில்தான் நிகழ்ந்தது என்பது என் வாதம்.

ஆய்வகப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளுக்கோஸ் உடன் இருந்தால் குடல் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் என்று 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் பயன்படும் என்பதை 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, பன்காவ் அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலானபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் செய்துவந்த வேலையைத் தாயும் தமக்கையும் செய்ய முடியும் என்று அந்த முகாம் காட்டிவிட்டது.

ஆனால் முகாமில் மருத்துவர் பக்கத்தில் இருந்தார். கிராமத்தில் யார் இருக்கிறார்? ஆயத்தக் கரைசல் பொட்டலங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் வசதி அன்றைய வங்கதேசத்தில் இல்லை. பிராக் என்னும் தொண்டு நிறுவனம் வேறு வழியில் சென்றது. வீட்டில் இருக்கும் உப்பும் வெல்லமும் போதும் என்று முடிவுசெய்து, 1980 முதல் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதில் ஆபத்து உப்பில் இருந்தது. கூடினால் குழந்தைக்குக் கேடு. அளவுப் பாத்திரம் எல்லா வீட்டிலும் இராது. ஆகவே தாயின் சொந்தப் பாத்திரத்திலேயே அரை சேர் எதுவரை என்று அடையாளம் செய்து, அவளையே கலக்கச் சொன்னார்கள். பணியாளர் கலக்கிக் காட்டியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

என் மதிப்பீட்டில், இத்திட்டத்தின் உண்மையான புதுமை சம்பள முறைதான். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, கலக்கும் கரைசல் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். அந்த மதிப்பெண்படியே பணியாளருக்கு ஊதியம். கற்பித்ததைக் கணக்கில் எடுக்காமல், கற்றதைக் கணக்கில் எடுத்தார்கள்.

அப்படியும் தொடக்கத்தில் பயன்பாடு குறைவாகவே இருந்தது. தாய்மார்களுக்குச் செய்முறை தெரிந்திருந்தது, ஆனாலும் செய்யவில்லை. பழியை அவர்களின் அறியாமை மீது போடாமல் பிராக் காரணத்தைத் தேடியது. பணியாளர்களுக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் நாடினார்கள். வீட்டு ஆண்களிடமோ யாரும் பேசியிருக்கவே இல்லை. பணியாளர்களுக்குக் கரைசல் வேலைசெய்யும் விதம் விளக்கப்பட்டது. கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். 1990க்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இந்தப் பாடம் போய்ச்சேர்ந்தது.

அரசு வலுவிழந்த நாட்டில் தொண்டு நிறுவனம் செய்ததைப் பொதுவிதி ஆக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அமைப்பை அப்படியே நகலெடுக்க முடியாது; எதை அளப்பது என்ற முடிவை எந்த அரசும் எடுக்கலாம். பொட்டலங்களின் எண்ணிக்கையை மட்டும் அளக்கும் துறைக்கு, பொட்டலம் பிரிக்கப்படாமல் பரணில் கிடப்பது ஒருநாளும் தெரியவராது. இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கரைசல் பொட்டலம் கிடைக்கிறது. ஆயினும் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்கு அது கொடுக்கப்படவில்லை.