பஃபலோ ஆறும் தோணிக்காரரும்

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்திலே, பொஸ்டன் மலைகளிற் பிறந்து, செங்குத்தான கற்பாறைகளுக்கிடையே ஏறத்தாழ 150 மைல் தூரம் கிழக்கு முகமாக ஓடி, வெள்ளை ஆற்றோடு கலப்பது பஃபலோ ஆறு. அவ்வெள்ளை ஆற்றின் மீது கட்டப்பட்ட புல் ஷோல்ஸ் என்னும் பேரணையைச் சனாதிபதி ட்ரூமன் 1952ஆம் ஆண்டில் வைபவ ரீதியாகத் திறந்துவைத்தார். அடுத்து பஃபலோவையும் மறித்துவிட வேண்டுமென இராணுவப் பொறியியற் பிரிவினர் திட்டமிட்டனர். ஆற்றோரத்து ஊரவர் பலர் அதனை வரவேற்றனர். அணை வந்தால் வெள்ளம் அடங்கும், மின்சாரம் பெருகும், உல்லாசப் பிரயாணிகள் வருவர் என அவர்கள் நம்பினர். வறிய மலைநாட்டிலே இது பேராசையன்று.

இதனை எதிர்க்க 1962 மே மாதத்தில் ஓசாக் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் நீல் கொம்ப்ரன் ஒரு வைத்தியர். சங்கத்தினர் பலர் ஓய்வு நாள்களில் துடுப்புப் பிடிப்போர். கடிதம் எழுதினர், கூட்டமும் கூட்டினர். ஆயினும், ஆற்றை அறியாதாரைத் தோணியிலேற்றி அதன் வழியே அழைத்துச் சென்றதே அவர்களது சிறந்த வாதம். உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ் அவ்வாண்டிலேயே அவ்வாறு வந்து, ஆற்றுக்காகப் பரிந்து பேசினார். அணையை விரும்பியோருட் சிலர் மரங்களை வெட்டி ஆற்றின் குறுக்கே வீழ்த்தித் தோணிகளை மறித்ததும் உண்டு.

1965 டிசெம்பரில் ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ் அணைக்கு எதிராகக் கடிதம் எழுதினார். 1957இல் லிற்றில் றொக் பாடசாலையிற் கறுப்பின மாணவரைத் தடுத்துப் பெரும்பழி தேடிக்கொண்டவர் அவரே. எனினும் அவர் அம்மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தவர்; ஓடும் ஆற்றின் அருமையை அறிந்திருந்தார். அணைத் திட்டம் அத்துடன் தளர்ந்தது. 1972 மார்ச் 1ஆந் தேதி சனாதிபதி நிக்சன் ஒப்பமிட்ட சட்டத்தால், பஃபலோ அந்நாட்டின் முதலாவது தேசிய ஆறாயிற்று.

ஆற்றைக் காத்த அச்சட்டம் கரையிலிருந்த குடியானவரை அங்கேயே இருக்க விடவில்லை. ஏறத்தாழ 95,000 ஏக்கர் நிலம் தேசிய ஆற்றின் எல்லைக்குள் வந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதுவந்தோர் பலர் வீடு வளவுகளை அரசாங்கத்துக்கு விற்று வெளியேறினர். பொக்ஸ்லிப் பள்ளத்தாக்கிலே மட்டும் சில குடும்பங்கள் தொடர்ந்து பயிர் செய்தன. ஏனைய இடங்களிற் கைவிடப்பட்ட களஞ்சியங்களையும் புகைபோக்கிகளையும் கண்டபடியே தோணிகள் செல்கின்றன.