றங்குப்பெட்டிக் காசும் வளவுக் காசும்

வலிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பழைய காசு சேர்க்கிறான் என்று தெரிந்துவிட்டால், கூடப் படிப்பவர்கள் இரண்டு விதமான காசுகளை அவனிடம் கொண்டுவருவார்கள். ஒன்று அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் கிடந்தது. மற்றது கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ வளவில் கிளம்பியது. இரண்டுக்கும் ஒரே விலைகூடச் சொல்லப்படலாம். ஆனாலும் முதலாவதை முறையோடு வாங்கலாம், இரண்டாவதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது என்பதே என் முடிவு.

பெட்டிக் காசை முதலில் பார்ப்போம். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த சதங்கள், ஓரம் நெளிந்த இரண்டு சதமும் பத்துச் சதமும், சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998இல் வந்த 200 ரூபாய் பிளாஸ்டிக் தாள், 2013ஆம் ஆண்டு பொறித்த மாவட்ட வரிசைப் பத்து ரூபாய்க் குற்றிகள், கனடா மாமா கொடுத்துவிட்டுப் போன சில்லறை. இவற்றுள் பலவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டாலே போதும்.

சிக்கல் 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் போன்றவற்றில் வருகிறது. புத்த ஜயந்தி 2500ஆம் ஆண்டு நினைவாக வெளியான அந்தக் குற்றி வெள்ளியால் ஆனது. எடை 28 கிராம் அளவு. இன்றைய விலையில் அதிலுள்ள வெள்ளி மட்டுமே பல ஆயிரம் ரூபாய் பெறும். கொண்டுவந்த பிள்ளைக்கு அது தெரியாது, சேர்ப்பவனுக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து நூறு ரூபாய்க்கு வாங்கினால் நண்பனை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம். விலை பேசுமுன் அது வெள்ளி என்று சொல்லிவிட வேண்டும். சொன்னபின் அவன் விற்க மறுத்தால் அதுவும் நியாயமே.

அந்தக் காசு கொண்டுவந்தவனுடையதுதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து, கையில் எடுத்ததை மட்டும் கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. பல வீடுகளில் திரும்பி வரும்போது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. அப்படி ஒரு பயணத்தில் தப்பிய காசு அம்மம்மாவுக்கு எவ்வளவு பெறுமதி என்று எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. பேரன் அதை இடைவேளையில் விற்றுவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? இலங்கையில் 18 வயதாகாத பிள்ளை பெற்றோரின் சம்மதமில்லாமல் செய்த விற்பனை சட்டத்தின் முன் நிலைக்காமலும் போகலாம். ஆகவே வாங்குகிறவன் தன் அம்மாவிடம் சொல்லி, அவர் மற்றப் பிள்ளையின் அம்மாவோடு பேசியபின் வீட்டில் வைத்தே காசு கைமாறட்டும். என்ன காசு, என்ன விலை, என்ன திகதி என்று ஒரு துண்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளட்டும். ஒரு கிழமைக்குள் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட வேண்டும். கன்ரீனில் சாப்பிடக் காசில்லாமல் விற்க வருகிறவனிடம் வாங்கவே கூடாது. அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

வளவுக் காசுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தா. அதை விற்கும் உரிமை அம்மம்மாவுக்கே இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருள் என்கிறது. மண்ணுக்குள் கிடப்பது அரசின் சொத்து. காணி உறுதி யார் பெயரில் இருந்தாலும் அது மாறாது. கண்டெடுத்தவர் அறிவிக்கவும் வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வருடக் கணக்கு வைத்திருப்பதால் அங்கே எல்லை ஆண்டுதோறும் நகரும். இங்கே 1815 மார்ச் 2 என்ற கண்டி ஒப்பந்த நாளோடு அது நின்றுவிட்டது.

சட்டத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. படுத்த நந்தியும் அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழெழுத்தும் கொண்ட செப்புக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று சொன்னவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி எழுதினார். அவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்பதற்கு இந்த மண்ணில் அவை மிகுதியாகக் கிடைப்பது முக்கியமான சான்று. கந்தரோடையின் தொன்மையையும் அங்கே கிடைத்த உரோமக் காசுகள் பேசுகின்றன. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற செய்தி இல்லாவிட்டால் காசு பாதி ஊமை. பள்ளிக்கூட மேசையில் இருநூறு ரூபாய்க்குக் கைமாறும்போது தொலைவது அந்தச் செய்திதான். ஒருமுறை விலை கொடுத்தால் மறுநாள் நாலு பெடியள் மண்வெட்டியோடு நிற்பார்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றப் பல வருடம் பிடித்த தீபகற்பத்தில், காசுக்காகப் பிள்ளைகள் நிலம் கிண்டுவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காசு உண்டு: அம்மம்மாவின் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் ஒல்லாந்தர் துட்டு. கம்பனியின் வீ.ஓ.சீ. முத்திரை தெளிவாகத் தெரியும். பரம்பரையாக வந்தது, ஆனால் 1815க்கு முந்தியது. இதில் நான் கண்டிப்பான பக்கம். அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். சேர்ப்பவன் படமெடுத்து, எடை பார்த்து, கொப்பியில் குறித்துக்கொண்டால் அவனுக்கு அது போதும். லண்டன் சித்தப்பா கேட்டாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட முடியாது.

எந்தக் காசையும் புளி போட்டு மினுக்காதீர்கள், எழுத்து தேய்ந்துபோகும். வளவில் காசு கிளம்பினால் கிடந்த இடத்தைப் படமெடுத்துக் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். நல்லூரில் நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டெடுத்த பிள்ளையை வகுப்பாசிரியரே அங்கே கூட்டிக்கொண்டு போகட்டும்.