நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வச்ச குதிரைகள்

பெரியதாழைக்காரன் வள்ளத்தைப் பத்தி எழுதலாம், வலையைப் பத்தி எழுதலாம். குதிரையைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? இருக்கு மக்கா. நம்ம கடற்கரையில ஒரு காலத்துல முத்துக்கு அடுத்து அதிகம் பேசப்பட்ட சரக்கே குதிரைதான்.

எங்க ஊர்ல இருந்து கடலோரமாவே வடக்க போனா மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம், அப்புறம் தாமிரபரணி முகத்துவாரத்துக்கிட்ட பழையகாயல். நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் பெரிய துறைமுகமாக இருந்த காயல் இதுதான் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். இங்கிருந்து முத்து போச்சு. பதிலுக்கு அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்குச்சு.

எவ்வளவு குதிரை? ரெண்டு பேர் கணக்கு சொல்றாங்க. ஒருத்தர் 1290-களில் இந்தப் பக்கம் வந்து போன மார்க்கோ போலோ. பாண்டிய அரசன் வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்குறான், அவனோட நாலு சகோதரர்களும் ஆளுக்கு அதே அளவு வாங்குறாங்க என்கிறார். ஆக மொத்தம் பத்தாயிரம். இன்னொருத்தர் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப். அவரும் பத்தாயிரம் என்றே சொல்கிறார். ஒரு குதிரை 220 செம்பொன் தினார், மொத்தம் 22 லட்சம் தினார். ரெண்டு பேருமே கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளுங்கதான். பாதியா குறைச்சாலும் தலை சுத்துது இல்ல?

வியாபாரத்தோட அமைப்பைப் பாருங்க. குதிரை அனுப்புறவர் பாரசீக வளைகுடாவில் கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன். காயலில் பாண்டியனுக்கு அமைச்சராகவும் துறைமுக அதிகாரியாகவும் இருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி! வர்ற வழியில கடல்லயே செத்துப்போற குதிரைக்கும் பாண்டியன் காசு கொடுக்கணும்னு ஒப்பந்தம் வேற. விக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

சரி, வாங்கின குதிரை என்னாச்சு? இங்கதான் விஷயமே. வருஷக் கடைசியில அரசன்கிட்ட நூறு குதிரைகூட உயிரோட மிஞ்சறதில்லைன்னு போலோ எழுதுகிறார். லாடம் கட்டத் தெரிஞ்சவன், குதிரை வைத்தியம் தெரிஞ்சவன் இந்த நாட்டுல கிடையாது. அப்படிப்பட்டவங்க இங்க வந்துடாம வியாபாரிகளே பார்த்துக்கிறாங்க, குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்கலாம் என்பது அவர் சொல்லும் காரணம்.

இதைப் படிக்கும்போது எனக்கு நரி பரியான கதைதான் ஞாபகம் வந்தது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன அரசாங்கப் பணத்தைத் திருப்பெருந்துறையில கோயிலுக்குச் செலவழிச்சுடறார். இறைவன் நரிகளைக் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிட்டு வர்றார். ராத்திரி எல்லாம் நரியா மாறி ஓடிப்போகுது. புராணத்துல ஒரு தடவை நடந்தது, பாண்டியன் கஜானாவுக்கு வருஷா வருஷம் நடந்திருக்கு :-)

குதிரை ஏன் செத்தது? "நம்ம வெயிலு அப்படி, அரபுக் குதிரைக்கு ஒத்துக்கல" என்று ஒரே வரியில் முடிச்சுடுவாங்க. அரேபியாவில இல்லாத வெயிலா? ஈரக் காற்றும், ஈ மூலமா பரவும் நோய்களும் இங்கே இருந்தது உண்மைதான். குதிரையைக் கொல்லும் சர்ரா நோய்க்கு ரத்தத்தில் இருக்கும் நுண்ணுயிர்தான் காரணம்னு கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடிச்சதே 1880-ல்தான். ஆனா முழுப் பழியையும் வானிலை மேல போட முடியாது. ஏன்னா வஸ்ஸாஃப் இன்னொன்னும் சொல்லி வச்சிருக்கார்.

கப்பலில் இருந்து இறங்கின குதிரையை லாயத்துல கயிறும் முளையும் போட்டு நாற்பது நாள் கட்டிப்போடுறாங்களாம், கொழுக்கட்டும்னு. பச்சை பார்லிக்குப் பதிலா வறுத்த பார்லி, நெய்யில் புரட்டின தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால். நாற்பது நாள் முடிஞ்சதும் பயிற்சி எதுவும் கிடையாது, அங்கவடிகூட கிடையாது. வீரர்கள் ஏறி உட்கார்ந்து பேய் மாதிரி விரட்டுறாங்க. சீக்கிரமே அந்த அருமையான குதிரை சோர்ந்து, மந்தமாகி, எதுக்கும் உதவாம போயிடுது.

இன்னைக்கு ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட இந்தப் பட்டியலை நீட்டினா தலையில அடிச்சுக்குவார். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

குதிரைக்கு இரைப்பை சின்னது, வாந்தி எடுக்க முடியாது. புல்லை நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயுறதுக்குப் படைச்ச குடல். அதுல தானியத்தைக் கொட்டினா பெருங்குடல்ல புளிச்சு, வயித்துவலியில ஆரம்பிச்சு குளம்புக்குள்ள வீக்கம் வரைக்கும் போகும். குளம்பு போனா குதிரையே போச்சு. வளர்ந்த குதிரைக்குப் பால் செரிக்காது, கழிச்சல்தான். நாற்பது நாள் நின்ன இடத்துலயே நின்னா தசையும் எலும்பும் தளரும். அப்படித் தின்னுட்டு நின்ன குதிரையைத் திடீர்னு விரட்டினா தசை சிதைஞ்சு, சிறுநீர் காபி நிறத்துல போகும், குதிரை அசையாம நின்னுடும். வெளிநாட்டில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பேர்: ஞாயிறு லீவுல முழுத் தீனி தின்னுட்டு திங்கள் வேலைக்கு வர்ற வண்டிக்குதிரைக்கு வர்றது.

நல்ல சாதிப் பெட்டைக்கும் நல்ல ஆண் குதிரைக்கும் பிறக்கும் குட்டிகூட இங்கே கால் கோணலா பிறக்குதுன்னு போலோ ஆச்சரியப்படுகிறார். குதிரைக்கு இங்க சோறும் கறியும் போடுறாங்கன்னும் அவர்தான் சொல்றார். புல் குறைஞ்சு தானியமே தீனியானா சுண்ணாம்புச் சத்து குறையும், எலும்பு கெடும். அதிசயம் ஒண்ணும் இல்லை.

அப்போ ஒரு இளங்குதிரையை எப்படித்தான் பழக்கணும்? மூணு நாலு வயசுக்கு முன்னாடி முழுப் பாரம் ஏத்தக் கூடாது. முதுகெலும்பு முத்த அஞ்சாறு வயசாகும். கப்பல்ல வந்த குதிரைன்னா முதல்ல தண்ணி, புல், தலையைக் குனிஞ்சு மேய விடுறது. தலையைத் தூக்கிக் கட்டியே பல நாள் கொண்டுவந்தா நுரையீரல்ல சளி தங்கிடும். அப்புறம் கையில பிடிச்சு நடத்தணும், நடை மட்டும். அடுத்து நீளக் கயித்துல வட்டம். அதுக்கப்புறம் வெறும் சேணம், பிறகு ஆள். ஆள் ஏறினாலும் பல வாரம் நடைதான், ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமா.

வெளிப்பாதைக்குப் பழக்குறது இன்னொரு பாடம். குதிரை பயந்த பிராணி. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட முழுசா பார்க்கும்; மூக்குக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் இருக்கிறது மட்டும் தெரியாது. நம்ம பக்கத்து நிலத்தையே எடுத்துக்குங்க. பனங்காட்டுல காஞ்ச ஓலை சரசரக்கும், அலை சத்தம் விடாது, ஆத்துல இறங்கி ஏறணும். இதையெல்லாம் ஒரு அனுபவசாலிக் கிழட்டுக் குதிரை பின்னாடி விட்டு, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பழக்கணும். செம்மணல் தேரியில கால் புதையப் புதைய ஓடவிட்டா நரம்பு அறுந்துடும். அங்க நடக்கத்தான் விடணும். (குதிரைமொழித் தேரின்னு ஒரு பேர் நம்ம திருச்செந்தூர் பக்கமே இருக்கு பாருங்க!)

இந்த வித்தை தெரியாத நாடா இது? நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கு, தஞ்சை சரஸ்வதி மகால் அதைப் பதிப்பிச்சும் இருக்கு. குதிரை நடையை ஐங்கதின்னு பிரிச்சுப் பேர் வச்சிருக்கோம். ஏட்டுல இருந்தது லாயத்துக்கு வரல, அவ்வளவுதான்.

1311-ல் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தப்போ கொண்டுபோனது 5000 குதிரைன்னு அமீர் குஸ்ரோ கணக்கு. வருஷத்துக்குப் பத்தாயிரம் வாங்கின வீட்டுல, ஒரு வருஷக் கொள்முதல்ல பாதி! ரெண்டு கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? குதிரை விலைக்குக் கோயில் வருமானத்துல இருந்தும் பணம் போச்சுன்னு வஸ்ஸாஃப் சொல்றார். குளிகாரன் மூச்சடக்கி எடுத்த முத்தும் இதே காயல் வழியாத்தான் போச்சு. குதிரைக்கு 220 பொன் எண்ணிக் கொடுத்தவங்க, அதுக்கு நடை பழக்க ஒரு ஆளை வச்சிருந்தா மறு வருஷம் பாதிக் கப்பல் காலியாவே திரும்பியிருக்கும். வாங்குறதுக்கு ஒதுக்குற காசைப் பழக்குறதுக்கு ஒதுக்க மாட்டோம். இப்பவும் ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கிட்டு, அதை இயக்க ஆள் போடாம உறை போட்டு மூடி வைக்கிறதைப் பார்க்கத்தானே செய்றோம்?

குதிரை விக்க வந்து இந்தக் கரையோட தலையெழுத்தையே மாத்தின இன்னொருத்தரும் உண்டு. 1530-களில் வந்த ஜோவாம் டா குரூஸ். பரதவர் தலைவர்களைக் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியர்கிட்ட உதவி கேக்கச் சொன்னவர் அவர்தான். பெரியதாழையில இன்னைக்குக் கோயில் மணி அடிக்கிறதுக்குப் பின்னாலயும் ஒரு குதிரை நிக்குதுன்னு சொல்லலாம். அது தனிப் பதிவு, அடுத்த வாரம்.

குதிரை ஏறிப் பழகினவங்க, லாடம் கட்டுற குடும்பத்தைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல நாலு வரி எழுதுங்க மக்கா. ஏட்டுல இல்லாதது உங்ககிட்டதான் இருக்கும்.